ஆண்டீஸ் துணியில் கத்தரி வைக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி நெசவை இன்றைய உடைகளுக்குக் கொண்டுவருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, படிக்கட்டு வடிவங்களையும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்தையும் விரிவாகப் பேசியது. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. அந்த மரபில் துணியை வெட்டித் தைப்பதில்லை. வேண்டிய அளவிலேயே நெய்துவிடுவார்கள்.

பெருவின் சின்செரோ போன்ற ஊர்களில் நெய்பவர் இடுப்பில் கட்டி இழுத்துப் பிடிக்கும் இடுப்புத் தறியில் பாவு (நீளவாட்டு இழை) நுனிகளை அறுக்காமல், வளையமாகவே தறிக்கோலோடு கயிற்றால் பிணைக்கிறார்கள். ஒரு முனையில் சிறிது நெய்ததும் தறியைத் திருப்பி, மறுமுனையிலிருந்து நெய்துவருவார்கள். அதனால் நான்கு பக்கமும் கரை கட்டிய துணி கிடைக்கும். இரு நெசவும் சந்திக்கும் கடைசிச் சில அங்குலத்தில் ஊடை (குறுக்கு இழை) நுழைவதற்காகப் பாவைத் திறக்க இடமிருக்காது. பாவு இழைகளைத் தூக்கும் விழுதுக் குச்சியை எடுத்துவிட்டு ஊசியால் ஊடை கோக்க வேண்டும். பூவேலை அங்கே கொஞ்சம் கலைந்துதான் தெரியும். அதைக் குறையென்று வெட்டி எறிவது அநியாயம். முதுகின் கீழ் ஓரத்தில் வரும்படி திட்டமிட்டால் போதும்.

கட்டுரைப் படத்திலிருந்த ஜாக்கெட்டில் கை வளைவு வெட்டப்பட்டிருக்கிறது. இது பாவு நெருங்கிய துணி. ஊடை அரிதாக, உள்ளே மறைந்து கிடக்கும். நூலும் அதிக முறுக்கு. வெட்டிய இடத்தில் பாவு இழைகள் துள்ளிக்கொண்டு வெளியே வரும். ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் அடித்தால் ஓரம் கயிறுபோலத் தடிக்கும்.

100 செ.மீ. மார்பளவுக்கு வெட்டாமலே மேலங்கி செய்யலாம். 28 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் நெய்து, தோளில் மடித்து, முதுகில் இணைக்க வேண்டும். கழுத்துக்காக மடிப்பிலிருந்து 8 செ.மீ. தைக்காமல் விடலாம். பக்கங்களில் கைக்கு 24 செ.மீ. விட்டு மீதியைத் தைக்கலாம். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். சுற்றளவு 112 செ.மீ. வரும்.

தறியிலிருந்து இறக்கியதும் துணி சுருங்கும், நனைத்தால் இன்னும் சுருங்கும். பிறகு நீட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதே நூலில் ஒரு முழம் நெய்து, நனைத்து உலர்த்தி அளந்த பிறகே பாவு ஓட்ட வேண்டும். ஓரம் சுருளாமலிருக்க, கரையில் எதிர்முறுக்கு நூலையும் சேர்ப்பார்கள். ஆண்டீஸ் மக்களின் கெச்சுவா மொழியில் அது ‘யொகே’, அதாவது இடது.

விளிம்புக்குத் தையல் நாடாவை விட சின்செரோவின் ‘ஞாவி ஆவாபா’வே பொருத்தம். கண் வடிவம் கொண்ட அந்த மெல்லிய பட்டியை நெய்யும்போதே ஊடையை ஊசியால் துணியின் ஓரத்தில் கோத்துவிடுவார்கள். ஊசி எப்போதும் ஒரே பக்கமிருந்து நுழைவதால் பட்டி குழாயாகச் சுருண்டு ஓரத்தை மூடும். அதிகம் இழுத்தால் துணி சுருங்கும். தளர்த்தினால் குழாய் சேராமல் தட்டையாகவே நிற்கும்.

இப்படிக்கு,
நெசவுத் தொழில் வாசகர்,
ஈரோடு