இல்லாத நிழலுக்கு வாங்கிய பணம்: ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சென்னை அலுவலகம்.

பொருள்: தெற்கு பிரான்சின் கனால் து மிதி என்ற கால்வாயின் கரையோரச் சைக்கிள் பயணம் – தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு – கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

கடந்த ஜூலையில் என் மனைவியும் நானும் தங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்த சைக்கிள் சுற்றை மேற்கொண்டோம். ஓம்ஸ் என்ற சிற்றூரில் புறப்பட்டு, கால்வாய்க் கரையோடு சுமார் 20 கிலோமீட்டர் சென்று, லு சொமாயில் மதிய உணவு முடித்து, திராட்சைத் தோட்டங்கள் வழியாகத் திரும்புவது திட்டம். "முழுவதும் தார் போட்ட சமதளப் பாதை, வழிநெடுக மர நிழல், அறுபதைக் கடந்தவர்களும் ஆனந்தமாக ஓட்டலாம்" என்கிறது தங்கள் கையேடு.

இதில் சமதளம் என்பது மட்டும் உண்மை. வழியில் இருக்கும் ஆர்ழான்ஸ் ஊரைத் தாண்டினால், பெசியே நகரம் வரை 54 கிலோமீட்டருக்குப் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் ஒரே மட்டத்தில் ஓடுவதால் கரையும் மேடு பள்ளமின்றிக் கிடக்கிறது. அந்தப் பெருமை 1666-இல் இந்தக் கால்வாயை வெட்டும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்ட பியர்-போல் ரிக்கேயைச் சேரும், தங்களைச் சேராது.

தார்ச் சாலைக்கு வருகிறேன். கையேட்டின் அட்டையில் வழுவழுப்பான பாதையில் ஒரு தம்பதி சைக்கிள் ஓட்டுகிறார்கள். பின்னால் மதகுக் காவலரின் வீடு. அந்தக் கால்வாயில் மதகு வீட்டுச் சுவர்களில் மதகின் பெயரும், முந்தைய, அடுத்த மதகுகளுக்கான தொலைவும் எழுதிய பலகை பதித்திருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையில் இருப்பது காஸ்தனே. அது துலூஸ் நகரத்தை ஒட்டிய மதகு. நாங்கள் ஓட்டிய இடத்திலிருந்து கால்வாய் வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் அளவுக்கு நல்ல தார்ப் பாதை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் எங்களை அனுப்பியது அங்கே அல்ல, ஓட் மாவட்டத்துக்கு. அங்கே எங்களுக்கு வாய்த்தது ஒற்றைச் சக்கரம் போகும் அகலத்தில் மண் தடம், குறுக்கே புடைத்த வேர்கள், இடையிடையே சரளைக்கல். அதில் ஓட்டத் தாங்கள் கொடுத்தவை நகரச் சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்கள்.

வழியிலுள்ள பரஸா என்ற ஊருக்கு முன்பே என் மனைவியின் சைக்கிள் பஞ்சர் ஆனது. பழுதுபார்க்கும் பையில் இருந்த டியூப் அந்தச் சக்கரத்துக்குச் சேரவில்லை. "24 மணி நேர உதவி எண்" சென்னை அலுவலகத்துக்குப் போனது, அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலக நேரத்தில் அழைக்கும்படி ஒரு பதிவுக் குரல் மூன்று மொழிகளில் அறிவுறுத்தியது. கரையில் வாடகைப் படகைக் கட்டியிருந்த ஒரு டச்சுக் குடும்பம் பசையும் ஒட்டுத் துண்டும் கொடுத்து உதவியிராவிட்டால், நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் லு சொமாய் சேர்ந்திருப்போம்.

அடுத்தது நிழல். புறப்படும் முன்பே இதைப் பற்றித் தாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கால்வாயின் அழகே இருபுறமும் நின்ற பிளாட்டன் என்ற சுமார் 42,000 நிழல் மரங்கள்தாம். 2006-இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது வேர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவும், தொற்றிய மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும், மருந்து கிடையாது. எனவே நோய்ப்பட்ட மரங்களையும் அவற்றை ஒட்டி நிற்பவற்றையும் வெட்டி எரித்துவிட்டு, வேறு கன்றுகளை நட்டு வருகிறார்கள். நாங்கள் போன பாதையில் வெகுதூரத்துக்கு என் தோள் உயரக் கன்றுகளே நின்றன. மரம் செத்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல. "இயற்கைச் சூழல் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று தங்கள் அலுவலர் மின்னஞ்சலில் பதில் எழுதியிருக்கிறார், சரிதான். அட்டைப் படம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

காற்றையும் தாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பகுதியில் செர்ஸ் என்ற காற்று மேற்கு, வடமேற்குத் திசையிலிருந்து வலுவாக வீசும். தங்கள் திட்டமோ காலையில் எங்களைக் கிழக்கே அனுப்பி, பிற்பகல் வெயிலில் மறைப்பே இல்லாத திராட்சைத் தோட்டங்களின் நடுவே மேற்கு நோக்கித் திருப்புகிறது. அதாவது, உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்று முதுகைத் தள்ளுகிறது. களைத்த பிறகு முகத்தில் அறைகிறது. லு சொமாயில் தொடங்கி ஓம்ஸ் போய்த் திரும்பும்படி மாற்றினாலே பாதித் துன்பம் குறைந்திருக்கும். அந்த ஊரை ஒருமுறை நேரில் பார்த்தவர் போட்ட திட்டமாக இது தெரியவில்லை.

மதிய உணவு சைவம் என்று முன்பதிவிலேயே குறிப்பிட்டுப் பணமும் கட்டியிருந்தோம். வந்தது பச்சைக் கீரை சாலட். இலைகளுக்கு அடியில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள். அந்த வட்டாரத்தில் அது வழக்கமான பண்டம். உணவகத்தார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் காட்டிய முன்பதிவுச் சீட்டில் "இருவர், 12.30" என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை. என் மனைவி அன்று ரொட்டியும் பீச் பழமும் தின்று பசியாறினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1676-இல் கட்டிய ரெபுட்ர் பாலத்தில் ஆற்றுக்கு மேலே கால்வாய் போகிறது. கீழே ஆறு, மேலே படகு. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, தடித்த டயர் சைக்கிளும் தொப்பியும் கொண்டுவரச் சொல்லியிருந்தால் இதே கட்டணத்தை மகிழ்ச்சியோடு கொடுத்திருப்போம்.

சைக்கிள் வாடகையையும் உணவுக்கான தொகையையும் முழுமையாகவும், மீதிச் சுற்றுக் கட்டணத்தில் 40 சதவீதத்தையும் இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பயணக் கூப்பன், அடுத்த முறைக்கான தள்ளுபடி போன்றவை வேண்டாம். அட்டைப் படத்தையும் நீக்க வேண்டும். தவறினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பணம் கட்டிய ரசீது, பாதையின் புகைப்படங்கள், பலகை தெளிவாகத் தெரியும்படி பெரிதாக்கிய தங்கள் அட்டைப் படம், தங்கள் அலுவலரின் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்