பென்சிலைக் கீழே வைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பி,

புதைபடிவங்களை ஆராயும் தொல்லுயிரியல் படிக்கப் போகிறாய் என்று தெரிந்ததுமே, படம் வரைவதை ஏறக்கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆராய்ச்சி ஒரு வேலை, அருங்காட்சியகம் வேறொரு வேலை, ஓவியம் பொழுதுபோக்கு, பொதுமக்களிடம் பேசுவது ஓய்வு பெற்ற பிறகு. இப்படிப் பாத்தி கட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் துறைக்கு வெளியே நிற்பவர்கள்.

டைரனோசாரஸின் வாயை எடுத்துக்கொள். மூடிய வாயிலும் மேல்பற்கள் முதலைக்குத் தெரிவதுபோல் துருத்திக்கொண்டிருக்கும்படி வரைவது வெகுகாலப் பழக்கம். உதடு எலும்பில்லையே, அவ்வளவு எளிதில் கல்லாகி நமக்குக் கிடைக்காது. கட்டுரை எழுதுபவர் "தெரியவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். வரைபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பல்லை மூடியாக வேண்டும், இல்லை காட்டியாக வேண்டும்.

2023-இல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முதலையின் பல் எப்போதும் வெளியே இருப்பதால், அதன் வெளிப்பக்க எனாமல் தேய்ந்துபோகிறது. டைரனோசாரஸுக்கு உறவான டாஸ்பிளீட்டோசாரஸின் பல்லை மெல்லிய சீவலாக அறுத்துப் பார்த்தார்கள். அந்த ஒருபக்கத் தேய்மானம் அதில் இல்லை. மண்டையோட்டின் நீளத்தோடு வைத்துப் பார்த்தால் பற்களும் உடும்பு இனங்களின் கணக்குக்குள்தான் வருகின்றன. ஆக, பல்லிக்கு இருப்பதுபோல் உதடு மூடியிருக்கும் என்றார்கள். (எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை, அது வேறு.) எழுதியவர்களில் ஒருவர் மார்க் விட்டன். டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார்களை ஆராய்பவர், தொல்லுயிர் ஓவியரும்கூட. அவரிடம் போய் இரண்டில் ஒன்றை விடச் சொல்லிப் பார்க்கட்டும்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1825-இல் கிடியன் மாண்டெல் பெயர் சூட்டிய, தாவரம் தின்னும் டைனோசரான இகுவானோடானின் கூம்பெலும்பு ஒன்று மூக்குக் கொம்பு என்று கருதப்பட்டது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த சிலைக்கும் அந்தக் கொம்பு ஏறியது. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரல் முள் என்பது தெளிவானது. கட்டுரையைத் திருத்தியாகிவிட்டது, சிலையின் மூக்கில் கொம்பு இன்றும் இருக்கிறது. உன் படமும் அப்படி நிற்கும் என்ற பயம் கொஞ்சம் இருக்கட்டும்.

வரையக் கற்க அருங்காட்சியகத்தின் பின்கட்டைவிட நல்ல இடம் இல்லை. காட்சிக்கு வைத்திருப்பது சொற்பம், மிச்சமெல்லாம் இழுப்பறைகளில் கிடக்கும். எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது என்ற சீட்டு தொலைந்துவிட்டால், எவ்வளவு அழகான எலும்பும் ஆய்வுக்கு அரைக்காசு பெறாது. களத்தில் எலும்பின்மேல் ஈரக் காகிதம் ஒட்டி, சாக்குத்துணியை பிளாஸ்டரில் தோய்த்துச் சுற்றிக் கொண்டுவருவார்கள். காகிதம் இல்லாவிட்டால் பிளாஸ்டரை உரிக்கும்போது எலும்பும் பெயர்ந்து வரும். பிறகு ஊசியும் காற்றழுத்தத்தில் இயங்கும் சிற்றுளியுமாக, நுண்ணோக்கியின் கீழ் மாதக்கணக்கில் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து வரைந்து பார். இரண்டு எலும்புகள் சேரும் தையல்கோடு எது, பின்னால் விழுந்த விரிசல் எது என்று கேட்காமல் பென்சில் நகராது. புகைப்படம் இரண்டையும் ஒரே மாதிரி காட்டிவிட்டுப் போய்விடும்.

குழந்தைகள் முன்னால் பேசத் தயங்காதே. "என்ன கலர்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். முன்பு கையை விரிப்போம். 2010-இல் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் இறகிழைகளில் மெலனோசோம்கள் என்ற நிறமித் துகள்களைப் பார்த்து, அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த ஒரு வாலை வைத்தே அரைமணி நேரம் ஓட்டலாம்.

வேலைவாய்ப்பு குறைவுதான், மறைக்கவில்லை. உடற்கூறியலை ஒழுங்காகப் படி. மருத்துவக் கல்லூரிகளில் அதைக் கற்பித்துக்கொண்டே டைனோசர் ஆராய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். படம் கேட்பவர்களிடம் வெட்கப்படாமல் காசு கேள்.

ஒன்று மட்டும். நீ வரைந்து அனுப்பிய, மூன்று கொம்பு டைனோசரான ட்ரைசெராடாப்ஸுக்கு மூக்குத் துவாரத்தை எலும்புக் குழியின் பின்கோடியில் வைத்திருக்கிறாய். சதையில் அமையும் துவாரம் குழியின் முன்பக்கத்தை ஒட்டியே இருக்கும் என்று, இன்றைய பறவை, முதலை, பல்லிகளை ஆராய்ந்து லாரன்ஸ் விட்மர் 2001-லேயே எழுதிவிட்டார். முன்னால் தள்ளிப் போட்டு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அக்கா