எண்ணெய்க் கசிவு: ஆற்றங்கரை மக்களுக்கு முதலில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் பெட்ரோலியப் பொருட்களைச் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் ஆபரேட்டராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். வடகிழக்குப் பருவமழை வரும்போதெல்லாம் மனத்தை அரிக்கும் ஒரு விஷயத்தைத் தங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தொட்டிகளைச் சுற்றிக் கட்டப்படும் தடுப்புச் சுவரை நாங்கள் 'டைக்' என்போம். அதற்குள் இருப்பதிலேயே பெரிய தொட்டி அப்படியே உடைந்து கொட்டினாலும் அவ்வளவையும் தாங்கும் கொள்ளளவு அந்தச் சுவருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உள்ளே தேங்கும் மழைநீரை வெளியேற்ற அதன் அடியில் ஒரு குழாயும், வெளிப்புறத்தில் ஒரு வால்வும் உண்டு. எந்நேரமும் மூடியிருக்க வேண்டிய அந்த வால்வு திறந்து கிடந்தால், சுவர் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா கிடங்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பீறிட்ட பெட்ரோல், மழைநீர் வடிகாலுக்குள்ளும் புகுந்தது. அதைத் தொடர்ந்த வெடிப்பிலும் தீயிலும் 11 பேர் இறந்தனர்.

நான் பணியிலிருந்தபோது, ஒரு மழை இரவில் டைக்கிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. பம்ப்பின் சீலில் இருந்து டீசல் கசிந்திருந்தது. வால்வைத் திறக்காமல் மேலாளரிடம் சொன்னேன். பாராட்டு எதிர்பார்க்கவில்லை, ஆனால் லாக் புத்தகத்தில் அதை 'மழைநீர் தேக்கம்' என்று எழுதச் சொல்வார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. கசிவு என்று எழுதினால் விசாரணை வரும், விசாரணை வந்தால் அந்த ஷிப்டில் இருந்தவனுக்கு மெமோ வரும். கண்டவனே மாட்டிக்கொள்வான் என்ற நிலை இருக்கும்வரை, கண்டதை யார் எழுதுவார்கள்?

சட்டம் இல்லாமலில்லை. அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெரும் விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அது அரசின் கோப்புக்கான கெடு. ஆற்றில் இறங்கும் எண்ணெய் இரண்டு நாள் காத்திருப்பதில்லை. போபாலுக்குப் பிறகு 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், சுற்றுப்புற மக்களுக்கும் ஆபத்தைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்கிறது. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோது, காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு அதைத் தெரிவித்தது அவர்களுடைய வலையில் அப்பிய கறுப்புதான். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும், பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்துதான் ஓடினார்கள்.

அகற்றும் பணியும் அப்படித்தான். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினோம்; ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்து அதே எண்ணூரில் மீனவர்கள் மறுபடியும் குவளையும் வாளியுமாகப் படகில் இறங்கினார்கள், அதுவும் பலர் கையுறைகூட இல்லாமல். மிதவைத் தடுப்புகளும் எண்ணெயை உறிஞ்சும் இயந்திரங்களும் வந்து சேர்வதற்குள் அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் கறுத்துவிட்டது. கிடங்குக்குள் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், கசிந்ததும் வடிகாலை அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது. மணலையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது, கழுவினால் எண்ணெய் அடுத்தவன் வாசலுக்குப் போய்ச் சேரும். அப்படி அள்ளிய எண்ணெய்ச் சகதியும் அபாயக் கழிவுதான். அதை அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்பாமல் மூட்டை கட்டிக் கரையிலேயே அடுக்கி வைத்தால், அடுத்த மழையில் அது மீண்டும் ஆற்றுக்கே திரும்பும்.

எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட நிர்வாகமும் சிலவற்றை இந்தப் பருவமழைக்கு முன்பே கட்டாயமாக்க வேண்டும். கசிவின் அளவு தெரியாவிட்டாலும், கண்டவுடன் தாழ்வான பகுதிகளில் உள்ள மீனவ கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும். மிதவைத் தடுப்புகளைத் தொலைவிலிருந்து வரவழைக்காமல் கழிமுகத்துக்கு அருகிலேயே இருப்பு வைத்து, அவற்றைக் கட்டுவதற்கு அங்குள்ள மீனவ இளைஞர்களுக்குக் கூலியோடும் கையுறை, முகமூடியோடும் பயிற்சி தர வேண்டும். மழை எச்சரிக்கை வந்த நாள்களில் ஒவ்வொரு கிடங்கிலும் டைக் வால்வுகள் மூடியிருப்பதை வாரியப் பொறியாளர் நேரில் சென்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உண்மையை எழுதும் ஷிப்ட் தொழிலாளி மீது நடவடிக்கை இல்லை என்று நிறுவனங்கள் எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எண்ணெய்க் கிடங்குத் தொழிலாளி,
திருவொற்றியூர், சென்னை.