விளையாட்டுக் கட்டுரை எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒலிம்பிக் வந்துவிட்டால் போதும், ‘அந்தக் காலத்தில் யார் காசுக்கு ஆடினார்கள்?’ என்று நம்மில் ஒருவராவது எழுதிவிடுகிறோம். அந்த மாதிரிக் கட்டுரைக்கு இங்கிலாந்தின் கில்கிறைஸ்ட் மெக்லகன் வாகான ஆள். ஈட்டன் பள்ளி, அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு. படகுப் போட்டியில் சல்லிக்காசு வாங்காதவர். போர் வந்ததும் ராணுவ அதிகாரியானார்.

எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில், எட்டுப் பேருமே போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பின்முனையில் சுக்கான் கயிற்றைப் பிடித்தபடி ஒன்பதாவது ஆள் ஒருவர் இருப்பார். காக்ஸ் என்பார்கள். எதிரே என்ன வருகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மெக்லகனுக்கு அந்த வேலை. 1899 முதல் 1902 வரை நான்கு முறை கேம்பிரிட்ஜுடன் மோதினார். ஜெயித்தது ஒரே முறை, 1901இல். 1900இல் இருபது படகு நீளத்தில் தோற்றுச் செம அடி! 1908இல் படகுப் போட்டிக்குப் பேர்போன ஹென்லி ஊரில் பெல்ஜியத்தை வென்று ஒலிம்பிக் தங்கம். 1915 ஏப்ரல் 25 அன்று, முதல் உலகப் போரின் ஈப்ர் போர்முனையில், ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டு மூன்று நாள் கழித்து, ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவின் லெப்டினன்டாக இறந்தார். வயது 35.

அவருடைய வீரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அவர் காசு வாங்காததைக் காட்டி இன்றைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோமே, அதுதான் உறுத்துகிறது. ஹென்லி படகுப் போட்டியின் அமெச்சூர் விதி, அதாவது காசுக்கு ஆடாதவர்களை மட்டும் சேர்க்கும் விதி, பரிசுப் பணத்தோடு நிற்கவில்லை. கூலிக்குக் கைவேலை செய்தவன் என்றாலே, படகில் ஒரு பைசா பார்க்காதவனாக இருந்தாலும், வாசலோடு சரி. 1920இல் அமெரிக்கப் படகு வீரர் ஜான் கெல்லியைச் சேர்க்க மறுத்தார்கள். அவர் கொத்தனாராக இருந்ததும் ஒரு காரணம். அதே கோடையில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்டை ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வாங்கினார் கெல்லி. 1936இல் ஆஸ்திரேலியாவின் போலீஸ்காரர் அணிக்கும் அதே கதி. மறு வருடம்தான் விதியை மாற்றினார்கள்.

மெக்லகனைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். கூடவே அந்த விதியையும் எழுதுங்கள். வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சிக்கும் வருகிற ஒரு பெண் ஸ்பான்சர் தேடினால், ‘பணத்தாசை’ என்று தலைப்புப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்