கிளீனர் சீட்டு காலியாக ஓடுகிறது: நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் கோரிக்கை மனு

நாள்: 17.11.2025

அனுப்புநர்:
சொந்தமாக ஒரே லாரி வைத்து ஓட்டும் ஓட்டுநர்கள் 19 பேர் சார்பில்,
மோகனூர் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: டீசல் விலை உயர்வால் லாரிகளில் கிளீனர் (ஓட்டுநருக்கு உதவியாக உடன் வரும் ஆள்) வேலை ஒழிந்து, புதிய ஓட்டுநர்கள் உருவாகாமல் போவது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

இவர்கள் சார்பில் எழுதும் நான் 1996-ல், பத்தொன்பது வயதில் கிளீனராக லாரி ஏறியவன். தார்ப்பாய் கட்டவும், டயரைத் தட்டிப் பார்த்தே காற்று சொல்லவும், ஏற்றத்தில் வண்டி நின்றால் இறங்கி ஓடிக் கட்டை போடவும் அந்த இடது பக்கத்து சீட்டில்தான் கற்றேன். ஐந்து வருடம் கழித்துத்தான் ஸ்டியரிங் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் என் வயது ஓட்டுநர் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார். இன்று என் வண்டியில் அந்த சீட்டில் ஆள் இல்லை.

கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்ற கர்நாடகத்தின் தாவணகெரே போய்வர 1,000 கிலோமீட்டருக்கு மேல். என் பத்துச் சக்கர வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும். நடைக்கு 250 லிட்டருக்குக் குறையாது. 2020 தொடக்கத்தில் லிட்டர் 72 ரூபாய் அளவில் போட்ட டீசலை இப்போது 93 ரூபாய் அளவில் போடுகிறேன். நடைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. வாடகையைக் கூட்டிக் கேட்டால் புக்கிங் ஆபீஸில் அடுத்த வண்டிக்கு லோடு போய்விடும். டோல்கேட், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் டியூ எதிலும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. கையில் இருந்தது கிளீனர் சம்பளம் ஒன்றுதான். பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

போன மாதம் அதிகாலை மூன்று மணிக்கு லோடுடன் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரி நியூட்ரலில் இறங்குவது சத்தத்திலேயே தெரிந்தது. பிரேக் தீய்ந்த வாடை என் கேபினுக்குள் வந்தது. கீழே வந்ததும் ஓரங்கட்டச் சொல்லிப் பேசினேன். இருபத்து நாலு வயதுப் பையன், தனியாள். டீசல் மிச்சமாகும் என்றுதான் செய்திருக்கிறான். கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்றைய வண்டிகளில் டீசல் நின்றுவிடும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கிளீனராக ஒரு நாள்கூட ஓடாதவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கோபம் வரவில்லை அம்மா, பயம்தான் வந்தது.

ஆகவே முதன்மையாக நாங்கள் வேண்டுவது இதுதான்: அனுபவமுள்ள ஓட்டுநரோடு ஒரு வருடம் லாரியில் ஓடித் தொழில் பழகும் இளைஞருக்கு, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக மாத உதவித்தொகை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சாப்பாட்டுப் படியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

தீவன ஆலையினர், புக்கிங் ஆபீஸ்காரர்கள், எங்களைப் போன்ற சிறு லாரிக்காரர்கள் மூன்று தரப்பையும் தங்கள் முன்னிலையில் உட்கார வைத்து, டீசல் விலை மாறும்போது வாடகையும் மாறும்படி ஓர் ஒப்பந்தம் எழுதித் தரவும் வேண்டுகிறோம். தனியாகப் போய்க் கேட்டால் எங்கள் பேச்சு எடுபடாது.

டீசலுக்கு மாநில வரி 2020 மே மாதம் முதல் 11 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசுமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தபோது டீசலுக்குக் குறையவில்லை. அந்த 9 ரூபாய் 62 காசில் ஒரு பகுதியையாவது குறைக்கும்படி தாங்கள் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும்.

தாவணகெரே நடையின் கணக்கு எழுதிய நோட்டுப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். அழைத்தால், வண்டி எந்த ஊரில் நின்றாலும் வந்து நேரில் விளக்குகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
லாரி ஓட்டுநர்கள் (19 கையொப்பங்கள்)