பூ எடுக்கும் பெண்களுக்கும் இந்தச் சோதனை எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பால்ய சிநேகிதி கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்து, வருகிற தை மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறித்து, கூலிக் காசை வீட்டில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளைகள் நாங்கள். நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனேன். அவள் கடைசி வரை பூ எடுத்தாள்.

இளநிறச் சேலைகள் மீது கொள்ளை ஆசை கொண்டவள், கடைசி இரண்டு ஆண்டுகள் கருநீலமும் அரக்குமாகவே உடுத்தினாள். ஏதோ வேண்டுதல் போலும் என்று நானும் கேட்காமல் இருந்துவிட்டேன். மாதவிடாய் நின்று பல காலம் ஆன பின்னும் இரத்தப்போக்கு இருந்ததையும், கறை தெரியக் கூடாது என்றே அப்படி உடுத்தியதையும் மதுரையில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடிதான் சொன்னாள். "இதையெல்லாம் போய் யாருகிட்டடி சொல்றது?" என்றாள். அதற்குள் நோய் முற்றிப் பரவிவிட்டிருந்தது.

இதைத் தடுக்கும் வழி எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. 2000ஆம் ஆண்டு தொடங்கி இங்கே நடந்த பெரிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பைவாயில், வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவி, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் காட்டக்கூடிய வெண்திட்டு சிறிது நேரத்தில் தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர்கள் வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல வளர்வது. இடையில் ஒருமுறை பார்த்திருந்தாலும் என் சிநேகிதி பிழைத்திருக்கக் கூடும்.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை இலவசம். ஆனால் எங்கள் ஊருக்கு முகாம் வந்தது, பெண்கள் பூவை எடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் காலை நேரத்தில். அதுவும் ஒற்றைத் திரைச்சீலை கட்டிய வராந்தாவில். கூச்சப்படுகிறார்கள் என்று பெண்களைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கூலி கெடாத மாலை வேளையில், தாழிடக்கூடிய கதவுள்ள அறையில், பெண் செவிலியர்களைக் கொண்டு முகாம் நடத்தும்படி சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் "பெண்களின் உபாதைகள்" என்று பொதுவாக எழுதாமல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் இரத்தம் கசிதல், மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு என்று அறிகுறிகளை வெளிப்படையாக எழுத வேண்டுகிறேன்.

சென்ற மாதம் அவளுடைய மகளை நானே சோதனைக்கு அழைத்துப் போனேன். சிறிது நேரத்தில் வெளியே வந்து, "இவ்வளவுதானா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.