நாலு வரியில் முடிகிற விஷயமா ஸ்கேட்போர்டிங்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சக்கரம் வைத்த பலகையில் ஏறி வித்தை காட்டுகிற ஸ்கேட்போர்டிங் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒலிம்பிக் சமயத்தில் மட்டும்தான் செய்தி வருகிறது. அதுவும் ஏதோ சின்னப் பசங்க தெருவில் ஆடுகிற ஆட்டத்துக்குப் பதக்கம் கொடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரி ஓரத்தில் நாலு வரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரர் யூட்டோ ஹோரிகோமேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 29, பாரிஸ் ஒலிம்பிக், தெருவில் இருக்கிற மாதிரி படிக்கட்டும் கம்பியும் வைத்த களத்தில் ஆடுகிற ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் ஆண்கள் இறுதிப் போட்டி. பலகையில் 45 விநாடி தொடர்ந்து ஆடுகிற ஓட்டம் இரண்டு உண்டு, அதில் நல்லது ஒன்று கணக்கில் சேரும். அப்புறம் தனித்தனி ட்ரிக்குகளுக்கு, அதாவது வித்தைகளுக்கு, ஐந்து வாய்ப்பு, அதில் சிறந்த இரண்டு சேரும். ஹோரிகோமேக்கு ஓட்டத்தில் 89.90, முதல் ட்ரிக்கில் 94.16. அடுத்த மூன்று வாய்ப்பிலும் விழுந்தார். மிச்சம் ஒன்றே ஒன்று. அமெரிக்காவின் ஜாகர் ஈட்டன் 281.04 எடுத்து முன்னால் நிற்கிறார், அவரைத் தாண்ட 96.98-க்கு மேல் வேண்டும். பலகையின் முன்முனையைத் தட்டி எழும்பி, காற்றில் முக்கால் வட்டம் சுழன்று, கம்பியில் பலகையை வைத்துச் சறுக்கி இறங்கினார் பாருங்கள், 97.08! மொத்தம் 281.14. வெறும் 0.1 புள்ளியில் தங்கம், அதுவும் தொடர்ந்து இரண்டாவது தங்கம்.

இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். டோக்கியோவில் கோட்டோ பகுதியில் வளர்ந்த பையன் அவர். அவருடைய அப்பாவும் இளமையில் தெருவில் ஸ்கேட் செய்தவர், சின்ன வயதிலேயே பையனைப் பலகையில் ஏற்றிவிட்டார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஊரை விட்டு லாஸ் ஏஞ்சலீஸ் போனார், ஏனென்றால் இந்தத் தொழிலின் தலைநகரம் அதுதான். 2021-ல் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, தான் வளர்ந்த அதே கோட்டோவில் இருக்கிற அரியாகே மைதானத்தில் முதல் தங்கத்தை வாங்கினார். அப்படிப்பட்டவருக்கே பாரிஸ் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு மூன்று பேர்தான், ஜப்பானிலோ உலகத் தரத்தில் அரை டஜன் பேர் நிற்கிறார்கள், கடைசித் தகுதிப் போட்டியான புடாபெஸ்டில் ஜெயித்துத்தான் உள்ளே வந்தார்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தெரு ஸ்கேட்டர் ஒருவரின் தொழில் வாழ்க்கையில் பதக்கம் என்பது ஒரு பகுதிதான். கிரிக்கெட் மாதிரி தேர்வுக் குழுவோ லீக் ஏலமோ இவர்களுக்குக் கிடையாது. முதலில் ஏதாவது ஒரு கடையோ கம்பெனியோ இலவசமாகப் பலகை கொடுக்கும், பிறகு அமெச்சூர் குழுவில் சேர்ப்பார்கள், ஒரு நாள் அந்தக் கம்பெனி இவர் பெயரைப் போட்டுப் பலகை வெளியிடும். அன்றைக்குத்தான் அவர் "ப்ரோ", அதாவது தொழில்முறை ஸ்கேட்டர். விற்கிற பலகைக்கு ஒரு பங்கு வரும், பெரிய பணம் பெரும்பாலும் ஷூ கம்பெனிகளிடமிருந்து வரும்.

அந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வீடியோ வேண்டும். நிஜமான தெருவில், நிஜமான படிக்கட்டிலும் கைப்பிடிக் கம்பியிலும் எடுத்தது. லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிற ஹாலிவுட் ஹை ஸ்கூல் என்ற பள்ளியின் 16 படிக்கட்டு ஸ்கேட்டர்கள் உலகத்தில் ஒரு புண்ணியத் தலம் மாதிரி. வேறொருவர் அங்கே ஏற்கெனவே செய்த ட்ரிக்கை நீங்களும் செய்தால் பெரிய மதிப்பில்லை, புதிதாக ஒன்று செய்ய வேண்டும். காவலாளி வந்து விரட்டுவார், கட்டட உரிமையாளர்கள் பலகை சறுக்க முடியாதபடி திண்ணை விளிம்பில் இரும்புக் குமிழ் பதித்து வைத்திருப்பார்கள், ஹெல்மெட் போடுகிறவர்கள் குறைவு, ஒரே ட்ரிக்குக்காக நாள் கணக்கில் சிமெண்டில் விழுந்து எழுவார்கள். திரையில் அது சில விநாடிதான் ஓடும். சான் பிரான்சிஸ்கோவில் 1981-ல் தொடங்கிய த்ராஷர் பத்திரிகை 1990 முதல் கொடுக்கிற ஆண்டின் சிறந்த ஸ்கேட்டர் விருது இப்படிப்பட்ட உழைப்பைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. ஸ்கேட்டர்கள் நிறையப் பேருக்கு ஒலிம்பிக் தங்கத்தை விட அதுதான் பெரிது.

உடம்பு கொடுக்கிற விலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நைஜா ஹூஸ்டன் 11 வயதிலேயே எக்ஸ் கேம்ஸ் என்ற பெரிய சாகச விளையாட்டுப் போட்டியில் இறங்கியவர், ஒலிம்பிக் தங்கத்தைத் தவிர போட்டி உலகில் அவர் ஜெயிக்காதது இல்லை என்று சொல்லலாம். டோக்கியோவில் எல்லாரும் அவருக்குத்தான் தங்கம் என்று நினைத்தார்கள், ஏழாவது இடம்தான் கிடைத்தது. 2022-ல் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அதிலிருந்து திரும்பி வந்து 29 வயதில், தன்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர்களோடு மோதி, பாரிஸில் 279.38 புள்ளியுடன் வெண்கலம் வாங்கினார். அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு பிடிவாதம் இருந்திருக்க வேண்டும்! அதை நாலு வரியில் அடக்கலாமா?

2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலீஸில், அதாவது இந்த ஆட்டத்தின் சொந்த ஊரிலேயே நடக்கப் போகிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிலாவது இவர்களைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை போடுங்கள். மெடலைக் கடிக்கிற படம் வேண்டாம், படிக்கட்டுக்கு மேலே காற்றில் நிற்கிற படத்தைப் போடுங்கள். புள்ளி எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பக்கத்தில் ஒரு கட்டமும் வந்தால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
தஞ்சாவூர்.